தாள் சாயும்வரை

எங்கள் வீட்டுப் பிரிட்ஜின் அடித்தட்டில், மரக்கறிப் பெட்டிக்குள், ஒரு மண்ணிறக் கடதாசிப் பை கிடக்கிறது. அதன்மேல் சிவப்புப் பேனையால் ‘வெங்காயம் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து அது அங்கேதான். அம்மா கத்தரிக்காய் எடுக்கப் போகும்போதெல்லாம் அதை ஒருபக்கம் தள்ளிவிட்டு, “உன்ர பிள்ளையள் இன்னும் எழும்பேல்லையோ?” என்று கேட்பார்.

பைக்குள் இருப்பவை ரியூலிப் பூவின் கிழங்குகள். பாடப்புத்தகத்தில் இதைக் குமிழ் என்று படித்தோம். ஆனால் வீட்டில் மண்ணுக்குள் உருண்டையாக இருப்பதெல்லாம் கிழங்குதான், நானும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன். பார்த்தால் நல்ல விளைச்சல் பம்பாய் வெங்காயத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, ஒரு முனையைக் கூராக்கியது போலிருக்கும். அதே செம்பழுப்புத் தோல், அதே சரசரப்பு. எழுதி ஒட்டாவிட்டால் என்றாவது ஒருநாள் சாம்பாருக்குள் போயிருக்கும்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், கீழ்மாடி வீட்டில். வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு கீற்று மண் உண்டு. மணல் கலந்த மண், உப்புக் காற்று, ரயில் போகும்போது நடுங்கும் பூச்சாடிகள். இதைத் தோட்டம் என்று சொல்வது எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் கொழும்பில் காலடியில் மண் இருப்பதே பெரிய பேறு என்பதால் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

இந்தப் பைத்தியத்தைத் தொடக்கிவைத்தது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அக்கா. ஒவ்வொரு ஒக்டோபரும் அவர் வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுப்பார். தொப்பி, கையுறை, மூக்கு சிவந்த முகம், வீட்டு முன்முற்றத்தில் முழங்காலில் நின்று குழி தோண்டிக்கொண்டிருப்பார். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம், கூர்முனை மேலே, தட்டை அடி கீழே. மண் உறையும் முன் நட்டுவிட வேண்டும். நட்டபின் ஒன்றும் செய்ய வேண்டாம், பனி வந்து மூடிவிடும். ஏப்ரல், மே வரை அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. அணில்கள் மட்டும் ரியூலிப்பைத் தேடித்தேடிக் கிண்டித் தின்னும். டபோடில் பூவின் கிழங்கைத் தொடாது, அதில் நஞ்சு. “அணிலுக்கு இருக்கிற அறிவு பார்” என்பார் அம்மா, இங்கிருந்து.

அக்காவின் தோட்டத்தில் ஏப்ரலில் பூ வரும்போது, நான் இங்கே புழுக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்து அந்தப் படங்களைப் பார்ப்பேன். பொறாமை என்று சொல்வதில் என்ன வெட்கம்?

*

முதல் தடவை நான் செய்தது எல்லாமே பிழை. 2019 டிசம்பரில் அக்கா வந்தபோது உடுப்புப் பெட்டிக்குள் காலுறை ஒன்றில் பத்துக் கிழங்கு போட்டுக் கொண்டுவந்தார். இதை இங்கே எழுதும்போதே சொல்லிவிடுகிறேன்: அப்படிக் கொண்டுவரக் கூடாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கிழங்கோடு மண்ணும், மண்ணோடு புழுவும் பூஞ்சணமும் விமானம் ஏறி வரும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் செய்யும் நாட்டுக்கு அது விளையாட்டு இல்லை. அப்போது எங்களுக்கு அது தெரியாது. தெரியாது என்பது சாட்டும் இல்லை.

ரியூலிப்புக்குக் குளிர் வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஏன் என்று தெரியாது. அழுகத் தொடங்கிய ஒன்றைக் கத்தியால் நெடுக்காக வகிர்ந்து பார்த்த அன்றுதான் விசயம் விளங்கியது. வெங்காயம் போலவே சதைப்பற்றான செதில்கள், ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்தபடி. நடுவில் வெளிர்மஞ்சளாக ஒரு முளை. ஊசி முனையால் அதைப் பிரித்தால், மடிந்த இலைகளுக்குள்ளே, நெல்மணி அளவில் ஒரு பூ. ஆறு இதழ், ஆறு மகரந்தக் கம்பி, நடுவில் சூலகம், எல்லாம் அச்சொட்டாக. பூவை நாம் வளர்ப்பதில்லை. அது போன கோடையிலேயே, கிழங்கைத் தோண்டி எடுத்துச் சூடான களஞ்சியத்தில் வைத்திருந்த நாட்களிலேயே, உள்ளே முழுதாக உருவாகிவிட்டது. பிறகு வரும் குளிர் அந்தப் பூவின் தண்டு நீள்வதற்காக. நாலிலிருந்து ஒன்பது பாகை செல்சியஸில், 12 முதல் 16 கிழமை. அது கிடைக்காவிட்டால் பூ தண்டில்லாமல் இலைகளுக்கு நடுவே குந்திவிடும், அல்லது உள்ளேயே கருகிவிடும்.

கொழும்பில் அந்தக் குளிரை எங்கே தேடுவது? மார்கழி, தை இரவுகளில் 22 பாகைக்கு இறங்கினாலே நாங்கள் போர்வை தேடுகிறோம். வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் இங்கே ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. ஒரு ரியூலிப் கிழங்கை எங்கள் மணலில் அப்படியே நட்டால், அது கோடை இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டே அழுகிப் போகும். நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. 1,868 மீற்றர் உயரம், தை மாசியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும், ஏப்ரலில் ‘வசந்தகாலம்’ என்று கொழும்பே கார் ஏறிப் போகும். ஆனால் விடியலில் உறைந்து மத்தியானம் இருபது பாகைக்கு ஏறுகிற குளிர் ரியூலிப்புக்குப் போதாது. அதற்குக் குளிர் விட்டுவிட்டு வரக்கூடாது, வந்தால் மாதக்கணக்கில் இருக்க வேண்டும்.

ஆகவே பிரிட்ஜ். 2019 டிசம்பரிலிருந்து 2020 மார்ச் வரை வைத்தேன். ஊரடங்கு போட்ட அந்தக் கிழமையே வெளியில் எடுத்துச் சாடியில் நட்டேன், வேறு வேலையும் இல்லை. மூன்றாம் நாளே முளை. இரண்டு கிழமையில் சாம்பல் பச்சையில் அகலமான, மெழுகு பூசியது போன்ற இலை. அம்மா அயல்வீடுகளுக்குத் தொலைபேசியில் அறிவித்துவிட்டார். பிறகு மொட்டு எட்டிப் பார்த்தது. பார்த்த மொட்டு எல்லாம், மிஞ்சிய ஒன்பதும், கடதாசி போலக் காய்ந்து வெளுத்திருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

குற்றவாளி ஆப்பிள். அம்மாவுக்குச் சீனி வருத்தம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், வாழைப்பழம் கூடாது என்று ஆப்பிள்தான் கொண்டுவருவார்கள். அதெல்லாம் அந்த மரக்கறிப் பெட்டிக்குள்தான், கிழங்குகளுக்குப் பக்கத்திலேயே. பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். வாழைக்குலையோடு பழுத்த பழம் ஒன்றைப் போட்டுச் சாக்கால் மூடிப் பழுக்க வைக்கிறோமே, அந்த வேலையைச் செய்வது அதுதான். கிழங்குக்குள் உறங்கும் பூவுக்கு அது நஞ்சு. இலைக்கு ஒன்றும் செய்யாது, பூவை மட்டும் உள்ளேயே கொன்றுவிடும். மூன்று மாதமாக நான் ஒவ்வொரு நாளும் பிரிட்ஜைத் திறந்து பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தது ஒன்பது சவங்களை.

“ஆப்பிள் கொண்டுவந்தது ஆர் தெரியுமோ?” என்று அம்மா கேட்டார். ஆரென்று தெரிந்து என்ன செய்ய.

இரண்டாம் தடவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் வைத்தேன். தனிப் பை, தனித் தட்டு, பழமே இல்லை. பெப்ரவரி முடிவில், பொருளாதார நெருக்கடியில், நாள்தோறும் மின்வெட்டுத் தொடங்கியது. மார்ச் 31 ஆம் திகதி 13 மணித்தியாலம். பிரிட்ஜுக்குள் நீர் வடிந்து, பை நனைந்து, கிழங்கில் பச்சைப் பூஞ்சணம். சமையல் வாயு வரிசையில் நின்ற நாட்களில் ரியூலிப்புக்காக அழுவது மரியாதையாகப் படவில்லை. குப்பையில் போட்டேன்.

*

இந்த இடத்தில் ஒல்லாந்தரைப் பற்றி ஒரு வார்த்தை. ரியூலிப் அவர்களுடைய பூவே இல்லை. மத்திய ஆசிய மலைச்சரிவுகளில் தானாக முளைத்தது. கடும் குளிர்காலமும் காய்ந்த கோடையும் உள்ள மண் அது. கிழங்கு குளிரைக் கேட்பதும் அந்த நினைவில்தான். துருக்கிச் சுல்தான்களின் தோட்டம் வழியாக ஐரோப்பாவுக்கு வந்து, 1590களில் லெய்டன் தாவரவியல் தோட்டத்தில் வேரூன்றி, பிறகு ஒரு தேசத்தையே பித்தாக்கியது. மண்ணுக்குள் இருக்கிற, கண்ணால் காணாத கிழங்குகளைக் கடதாசியில் எழுதி எழுதி விற்று, 1637 பெப்ரவரியில் அந்தச் சந்தை ஒரேயடியாக விழுந்தது. அதற்குப் பத்தொன்பது வருடம் கழித்து, 1656 இல், அதே ஆட்கள் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். இங்கே கறுவாத்தோட்டம் வைத்தார்கள். எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707 இல் சட்டமாக எழுதி வைத்ததும் அவர்கள்தான். 140 வருடம் இருந்தும் ரியூலிப் மட்டும் இங்கே வேரூன்றவில்லை. பாவம், அவர்களிடம் பிரிட்ஜ் இல்லை.

அக்கா ஒருமுறை மே மாதத்தில் ஒட்டாவாவுக்குப் போய் அங்குள்ள ரியூலிப் விழாவைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டாம் உலகப் போரில் ஒல்லாந்து இளவரசி ஜூலியானா ஒட்டாவாவில் தஞ்சம் இருந்தபோது, 1943 ஜனவரியில், அங்கே ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளைக்குக் கனடாக் குடியுரிமை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அந்தப் பிள்ளைப்பேற்று அறையை எந்த நாட்டுக்கும் சேராத இடமாக அரசு அறிவித்ததாம். போர் முடிந்து 1945 இல் நன்றியாக ஒரு லட்சம் கிழங்கு அனுப்பினார்கள். அக்கா இதைச் சொல்லிவிட்டு, “எனக்கு அகதி விசாரணைக்கு மூண்டு வருசம் எடுத்தது, அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளில முடிச்சிருக்கிறாங்கள்” என்று சிரித்தார்.

*

மூன்றாம் தடவைதான் முறையாகச் செய்தது. அனுமதிப்பத்திரத்தோடு பூக்கிழங்கு இறக்குபவர் ஒருவரிடம் 2023 செப்டம்பரில் பத்து வாங்கினேன். விலையை அம்மாவிடம் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். கடதாசிப் பையில், காற்றுப்போகத் துளையிட்டு, பழம் எதுவும் இல்லாத தட்டில், 15 கிழமை. ஆப்பிள்கள் சாப்பாட்டு மேசைக்கு நாடுகடத்தப்பட்டன. மார்கழி கடைசியில், இரவுகள் ஓரளவு குளிர்ந்திருந்த நேரம், ஆற்றுமணலும் தும்புத்தூளும் கலந்த சாடியில் நட்டேன். சாடியை முதல் பத்து நாள் குளிரூட்டி உள்ள அறையில் வைத்தேன். அந்த மாத மின்கட்டணத்தைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

ஆறு கருகின. மூன்று இலைக்குள்ளேயே குந்திக்கொண்டன. ஒன்று பூத்தது. சிவப்பு. தண்டு என் நடுவிரல் நீளம்.

ரியூலிப் சூட்டில் விரிந்து குளிரில் மூடும் பூ. சூட்டில் இதழின் உட்பக்கம் வேகமாக வளரும், பூ திறக்கும். குளிரில் வெளிப்பக்கம் வளரும், பூ மூடும். அக்காவின் முற்றத்தில் காலையில் திறந்து மாலையில் மூடி, இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள் வாழும். எங்கள் பூ காலை எட்டு மணிக்கு வாய் திறந்தது. பத்து மணிக்குத் தட்டுப் போல விரிந்துவிட்டது. மத்தியானம் இதழ்கள் பின்பக்கம் சாயத் தொடங்கின. இரவு எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன், அப்படியே திறந்திருந்தது. பதினொரு மணிக்கும் திறந்திருந்தது. மூடுவதற்கு அதற்கு ஒரு குளிர் வேண்டும், அது வரவே இல்லை. நித்திரை கொள்ளத் தெரியாத பிள்ளையைப் போல இரண்டு இரவு முழுக்க விழித்திருந்தது. மூன்றாம் நாள் காலை நாலு இதழ் சிமெந்துத் தரையில் கிடந்தது.

அம்மா அதைப் பெருக்காமல் மத்தியானம் வரை விட்டிருந்தார்.

“அடுத்த வருசமும் வருமோ?”

வராது. எங்கள் வெக்கையில் இலை மூன்று கிழமையில் பழுத்துவிடும். கிழங்கு சுருங்கிப் பூண்டுப்பல் அளவில் ரெண்டு மூன்று குட்டியாகப் பிரிந்துபோகும், அவ்வளவுதான். கொழும்பில் ரியூலிப் வைப்பதை நடுகை என்று சொல்வதே பிழை. வேறு நாட்டில், வேறொருவர் வயலில், போன வருட வெயிலில் செய்து அடைத்த ஒன்றை நாம் இங்கே திறக்கிறோம். டின்மீன் திறப்பது மாதிரி. திறந்த டின்னில் மறுபடி மீன் வராது.

இதற்குப் பிறகும் ஏன் மறுபடி ஒரு பை பிரிட்ஜில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உங்களுக்கும் ஆசை வந்தால் இவ்வளவு பாடு படாதீர்கள். பேப்பர்வைட் என்று ஒரு வெள்ளை நார்சிசஸ் இருக்கிறது. டபோடிலின் உறவு, மத்தியதரைக் கடற்பக்கம், குளிர் கேட்பதில்லை. கூழாங்கல்லும் தண்ணீரும் உள்ள கிண்ணத்தில் வைத்தாலே பூத்துவிடும். வாசம் மட்டும் எல்லாருக்கும் பிடிக்காது. எனக்குத் தலையிடி.

*

அம்மா கேட்ட அந்த ‘அடுத்த வருசமும் வருமோ’வில்தான் நான் சொல்ல வந்ததே இருக்கிறது.

அப்பாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் செம்மண்ணில் சின்ன வெங்காயம் செய்தவர்கள். ரியூலிப்புக்கும் வெங்காயத்துக்கும் உடம்பு ஒன்று, குணம் மட்டும் தலைகீழ். ரியூலிப்பில் நமக்குப் பூ வேண்டும், கிழங்கு போனால் போகட்டும். வெங்காயத்தில் கிழங்கு வேண்டும், பூ வந்தால் வில்லங்கம். ரியூலிப் பூவின் தண்டைக் குளிர் நீட்டும். வெங்காயத்தில் குளிர்தான் பூவையே உண்டாக்கும். பெரிய வெங்காயத்தில் விதை எடுப்பவர்கள் தாய்க் கிழங்குகளைக் குளிரில் வைத்துவிட்டுத்தான் நடுகிறார்கள். நான் பிரிட்ஜில் செய்வதைத்தான் அவர்கள் பெரிய அளவில் செய்கிறார்கள். ஊரில் மார்கழிக் குளிருக்கு வெங்காயம் தானாகப் பூந்தண்டு விடும். அதை ஒடித்து வெங்காயப்பூ வறை செய்வார்கள். மொட்டு விரியுமுன் ஒடித்தால்தான் ருசி. நட்டவரின் நட்டம் நமக்கு மத்தியானச் சாப்பாடு.

வெங்காயம் செய்கிறவன் பார்ப்பதெல்லாம் தாளைத்தான். தாள் என்றால் அதன் இலை, உள்ளே ஓட்டையான குழல். நட்ட நாளிலிருந்து வெயிலைப் பிடித்துக் கீழே இறக்குவது அதுதான். கிழங்கு நிரம்பியதும் தாளின் கழுத்து மெலியும், தாள் தானாகச் சாயும். பாத்தி முழுக்க, யாரோ நடந்து மிதித்ததுபோல, ஒரு பக்கமாகப் படுத்துவிடும். அதற்குப் பிறகுதான் கிண்டுவார்கள். தாளோடு சேர்த்துக் காயவைத்து, பிடி பிடியாகக் கட்டி, அடுக்களைக் கூரையில் தொங்கவிடுவார்கள். அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் அது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போருக்குத் தப்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, எங்கள் அடுக்களையில் அப்படி நாற்பது பிடி தொங்கிக்கொண்டிருந்தது. மார்கழியில் நடுவதற்கென்று அப்பா எடுத்து வைத்தது. மழைக்குள், ஒரு சைக்கிளில் என்ன ஏற்றலாம்? அரிசி, உடுப்பு, உறுதிப் பத்திரம், அம்மம்மா. வெங்காயத்தை அப்பா ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

96 இல், மே மாதத்தில், திரும்பி வந்தோம். கதவு இல்லை, ஓடு பாதி இல்லை, வெங்காயம் இருந்தது. தொங்கியபடியே முளைத்திருந்தது. ஒவ்வொரு பிடியிலிருந்தும் வெளிறிய முளைகள் கிளம்பி, ஓடு உடைந்து வெளிச்சம் விழுந்த பக்கம் திரும்பி வளைந்து, அப்படியே காய்ந்து நின்றன. நான் ஒரு பிடியைத் தொட்டேன், கனமே இல்லை. உள்ளே சதை ஒன்றும் மிஞ்சவில்லை, தோல் மட்டும், ஊதினால் பறக்கும் சருகு. “தன்னைத் தானே திண்டு முளைச்சிருக்கு” என்றார் அம்மா. மண்ணும் தண்ணீரும் இல்லாமல், கிழங்கில் இருந்ததை மட்டும் செலவழித்து அவ்வளவு தூரம் போயிருந்தது.

ஒல்லாந்தில் 1944–45 பட்டினிக் குளிர்காலத்தில் மக்கள் ரியூலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள், நடு முளையில் நஞ்சு என்று அதைத் தோண்டி எறிந்துவிட்டு மிச்சத்தை என்று அண்மையில் வாசித்து அம்மாவுக்குச் சொன்னேன். அவருக்கு அதிசயமாக இல்லை. “வெங்காயம் மாதிரித்தானே இருக்கு” என்றார்.

*

போன மே மாதம் அக்கா அழைப்பு எடுத்து ஒரே முறைப்பாடு. 2018 இல் ஐம்பது டபோடில் நட்டவர். முதல் வருடம் ஐம்பதும் பூத்தது. பிறகு முப்பது, பத்து, கடைசியில் வெறும் இலை மட்டும் வந்தது, பூவே இல்லை. அணில் தொடவில்லை, கிழங்கு அழுகவில்லை. உரம் போட்டார், எலும்புத்தூள் போட்டார், கடைக்காரனைத் திட்டினார்.

அம்மா போனை வாங்கிக் காட்டச் சொன்னார். அக்கா கமராவைத் திருப்பினார். புல்லை மட்டம் வெட்டியது போல, டபோடில் இருந்த இடம் மொட்டையாக இருந்தது.

“இலை எங்க?”

“ஒவ்வொரு வருசமும் போல பூக்காலம் முடிஞ்ச உடன வெட்டிட்டன் அம்மா. பழுத்துக் குழம்பிக் கிடக்கப் பார்க்க வடிவில்லை. பக்கத்து வீட்டுக்காரியும் ஒரு மாதிரிப் பார்க்கிறாள்.”

“எடியே, உன்ர கொப்பர் உயிரோட இருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பார்? தாள் சாயமுதல் வெட்டினால் கிழங்கு என்னெண்டு தேறும்?”

தோட்டக்கலை நூல் எதுவும் படிக்காத அம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. பூ விழுந்தபின் குறைந்தது ஆறு கிழமை இலையைத் தொடக் கூடாது. அடுத்த வருடப் பூவுக்கான சேமிப்பு அந்த ஆறு கிழமையில்தான் கீழே இறங்குகிறது. எல்லாரும் பூவைப் பார்த்து முடித்து, படம் எடுத்துப் போட்டு முடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் கிழங்கின் வேலையே தொடங்குகிறது. வெட்டிக்கொண்டே போனால் கிழங்கு சாகாது. ஆனால் பூக்கும் அளவுக்குச் சேர்ந்துவராது. அக்காவின் டபோடில்கள் ஐந்து வருடமாகத் தங்களைத் தாங்களே தின்றுகொண்டிருந்தன.

போனை வைத்ததும் நான் மெல்லச் சொன்னேன், “அம்மா, நீங்களும் இங்க அதைத்தானே செய்யிறீங்கள்?”

மதிலோரமாக எங்களிடம் ஒரு வரிசை செம்மஞ்சள் லில்லி இருக்கிறது. கடைகளில் அமரில்லிஸ் என்பார்கள், சரியான பெயர் ஹிப்பியாஸ்ட்ரம், தென்னமெரிக்காச் சாமான். தை மாசியில் மழையில்லாமல் மண் காயும் காய்ச்சலில் இலை பழுத்து உறங்கும். பங்குனி சித்திரையில் முதல் மழை விழுந்ததும், இலைக்கு முன்னாலேயே, மொட்டைத் தண்டில் எக்காளம் போல ரெண்டு மூன்று பூ வரும். குளிர் கேட்பதில்லை. அதற்குக் காய்ச்சல் போதும், காய்ச்சல்தான் எங்கள் பனிக்காலம். பிரிட்ஜ் இல்லாமல் கொழும்பில் சித்திரைக்குப் பூக்கும் கிழங்கு வேண்டுமென்றால் இதை நடுங்கள். ரியூலிப்புக்குச் சொன்ன ஆழம் இதற்குப் பொருந்தாது, கழுத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். பத்தரமுல்லை தியத்த உயன பக்கம் செடிக்கடைகளில் கிடைக்கும், அயல்வீட்டில் கேட்டால் சும்மா கிடைக்கும். ரெயின் லில்லியும் அப்படியே, காய்ந்த மண்ணில் ஒரு பெருமழை, மூன்று நாலு நாளில் நிலம் முழுக்க இளஞ்சிவப்பு. அதற்கு நாள்காட்டியே வேண்டாம்.

கார்த்திகைப் பூவை ஏன் வைக்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் முதலாவதாக வரும் காந்தள் அது. ஊரில் வேலியில் தானாக ஏறும். அதன் கிழங்கில் கொல்கிசின் என்ற கொடிய நஞ்சு. வத்தாளங்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, என்று மயங்கித் தின்றவர்களும் உண்டு, தெரிந்தே தின்றவர்களும் உண்டு. அக்காவின் ஊரில் இலையுதிர்காலத்தில் பூக்கும் கொல்சிக்கமும் அதே குடும்பம், அதே நஞ்சு. சின்னப் பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் வைக்க எனக்கு மனமில்லை. அதோடு, மாவீரர் நாள் வரும் நவம்பர் மாதத்தில் கொழும்பில் ஒரு மதிலுக்கு மேலால் அந்தப் பூ எட்டிப் பார்ப்பது தோட்டக்கலை மட்டுமல்ல என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

லில்லிக்கு வருகிறேன். நாலைந்து வருடமாக அது ஒழுங்காகப் பூக்கவில்லை. மண்ணில் உப்பு ஏறிவிட்டது, கடற்காற்று என்றெல்லாம் நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். காரணம் வீட்டுக்குள் இருந்தது. பூ விழுந்த கையோடு, வருடப்பிறப்புக்கு வந்த ஆட்கள் போய் முடிந்ததும், அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு போய், அப்போதுதான் வளரத் தொடங்கிய பச்சை இலைகளை ஒட்ட அரிந்துவிடுவார். பாம்பு பூச்சி அண்டுமாம். முற்றம் துப்புரவாக இருக்க வேண்டுமாம். வெங்காயத் தாளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த குடும்பத்து மனுசிக்கு, பூவென்று வந்ததும் அந்த அறிவு போன இடம் தெரியவில்லை. சமையலுக்கு ஆகிறது என்றால் பொறுமை வரும், பார்க்க மட்டும் என்றால் வராது போலும்.

அன்று அம்மா எனக்குப் பதில் சொல்லவில்லை. எழும்பிப் போய் ரசத்துக்கு அடுப்பைப் பற்றவைத்தார். ஆனால் அதற்குப் பிறகு கத்தி மதில் பக்கம் போகவில்லை. மழைக்காலம் முழுக்க இலைகள் ஒன்றரை முழம் வளர்ந்து, மடிந்து, நடைபாதையில் விழுந்து, காலில் தடக்கி, நான்கூட ரெண்டுதரம் ஏசினேன்.

நேற்று, பொங்கலுக்கு முந்திய துப்புரவு. தோட்ட வேலைக்கு வரும் ஐயா மதிலோரம் வந்து, நுனி மஞ்சளாகத் தொடங்கிய அந்த இலைக் கூட்டத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மறுகையில் கத்தியை ஓங்கினார். அம்மா குசினி யன்னலால் சத்தம் போட்டார்.

“ஐயா, அதை விடுங்கோ. தாள் சாயட்டும்.”

ஐயா கத்தியை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். மண்ணுக்கு மேலே பாதி தெரிந்த கிழங்கைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். “வெங்காயமா அம்மா?”

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

“ஓம்,” என்றார்.